தினமும் இரண்டு மணித்தியாலம் விளையாட்டு

எல்லாக் கோதாரியும் ஒரு சொல்லால்தான் வந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சீனி வருத்தக்காரருக்கான கிளினிக். ஞானாம்பிகை சண்டிலிப்பாயிலிருந்து விடிய ஆறரை பஸ்ஸில் வந்து, வெறுவயிற்றோடு இரத்தம் கொடுத்து, சரையில் கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்து, வாங்கில் இருந்தாள். ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருடம் தபாற்கந்தோரில் கடிதம் பிரித்த மனுசி. வரிசை அவளுக்குப் புதிசில்லை. வரிசைக்குள் இடையில் வந்து பூருகிற ஆட்களைக் கண்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

தயாளினி மிஸ்ஸி அன்றைக்குப் புதுப் படிவம் ஒன்றோடு வந்தாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம், தாதி என்று சொல்ல ஏலாது, பக்கத்து வீட்டுப் பெடிச்சி மாதிரி. ஒவ்வொருவராய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்து ஞானாம்பிகைக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, உடற்பயிற்சி, விளையாட்டு ஏதும் செய்யிறனீங்களோ?"

அந்த வாங்கில் இருந்த அத்தனை பேரும் இதற்கு ஒரே பதில்தான் சொன்னார்கள்: எங்கை பிள்ளை, வீட்டு வேலைக்கே நேரமில்லை. இவளும் அதையே சொல்லியிருந்தால் சோலி முடிந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு நேராய்ப் பதில் சொல்லிப் பழகின சென்மம்.

"ஓம் பிள்ளை, விளையாடுறனான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரண்டு மணித்தியாலம்."

மிஸ்ஸியின் பேனை அப்படியே நின்றது. "ரண்டு மணித்தியாலமோ! இந்த வயசிலை! என்ன, பட்மின்ரனோ அம்மா?"

அப்போதுதான் ஞானாம்பிகைக்கு விளங்கியது, தான் சொன்ன விளையாட்டு ஒன்று, இந்தப் பிள்ளை கேட்ட விளையாட்டு வேறொன்று என்று. இல்லைப் பிள்ளை, நான் சொன்னது போனிலை துவக்கு வைச்சுச் சுடுகிற விளையாட்டு என்று சொல்ல வாய் திறந்தாள். அக்கம்பக்கத்தில் நாலு சண்டிலிப்பாய்ச் சனம். ஐம்பத்தொன்பது வயதுப் பொம்பிளை போனில் ஆட்களைச் சுடுகிறாள் என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவும். வாய் சும்மா இருக்க, தலை தன்பாட்டில் ஆடிவிட்டது.

மிஸ்ஸி கிளினிக் கொப்பியில் வடிவாய் எழுதினாள்: தினமும் இரண்டு மணித்தியாலம் விளையாட்டு.

அதோடு விட்டாளா? உள்ளே போய் டொக்டரிடமும் சொல்லிவிட்டாள். டொக்டர் வசந்தினி வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால் இவளை எழும்பி நிற்கச் சொன்னா. "இந்த அம்மாவைப் பாருங்கோ. நீங்கள் என்னடாவெண்டால் கால் நோகுது, கை நோகுது எண்டுறியள்." சனம் கை தட்டியது. ஞானாம்பிகை சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் என்று நின்றாள்.

வீட்டில் புருசன் சீவரத்தினத்துக்குச் சொன்னபோது, அந்த மனுசன் பீற்றூட் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதை விட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இஞ்சரும், அறுபது வயசிலை துவக்குத் தூக்கினதுக்கு மெடல் வாங்கின ஒரே ஆள் நீர்தான்."

"பகிடியை விட்டிட்டுத் தண்ணியைப் பாருங்கோ, வரம்பு உடைக்குது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நேரம் நாலரை. ஐந்துக்கு அவன் வந்துவிடுவான்.

அவன் என்றது ஜெயதீபன். ஒரே மகன், முப்பது வயது. ரொறன்ரோவுக்குப் போய் ஒன்பது வருடம். அங்கே ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் இராவேலை. அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வர அங்கே விடிய ஏழரை. இங்கே பின்னேரம் ஐந்து.

போன நாளிலிருந்து முதல் ஏழு வருடமும் அவன் போன் எடுத்த விதத்தைச் சொன்னால் ஆருக்கும் வயிறு எரியும்.

"சாப்பிட்டியோ தம்பி?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

"சோறு."

"குளிரோ?"

"ஓம்."

பிறகு ஒரு சத்தமுமில்லை. அங்கே ஒரு பெருமூச்சு, இங்கே ஒரு பெருமூச்சு. பிறகு அவன் சொல்லுவான்: "வைக்கட்டே அம்மா?"

அந்த "வைக்கட்டே" இருக்கிறதே, அதை நினைத்தாலே இவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். வீடியோவில் முகத்தைக் காட்டடா என்றால் கமரா பழுது என்பான். நாலு வருடமாய் ஒரு கமரா பழுதாய்க் கிடக்குமோ? கேட்டால் கோபப்படுவான் என்று கேட்கமாட்டாள். கோபப்பட்டால் அடுத்த கிழமை போன் வராது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் போனுக்குள் அவன் ஆரோடோ கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழு வருடமாய்க் கேளாத சிரிப்பு. "ஆரோடையடா கதைக்கிறாய்?" என்றாள். கூட்டாளிகளோடு கேம் விளையாடுகிறேன் என்றான். "எனக்கும் சொல்லித் தா" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவன் இன்னும் சிரித்தான். ஆனால் சொல்லிக்கொடுத்தான்.

ஒரு தீவில் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வானத்திலிருந்து குதிப்பார்கள். குதித்தபிறகு ஆளை ஆள் தேடிச் சுடவேண்டும். கடைசியாய் உயிரோடு நிற்கிறவர் வென்றவர். அவ்வளவுதான் விளையாட்டு. ஞானாம்பிகைக்குச் சுடவே வராது. அவள் சுட்டால் மரத்தில்தான் படும். ஆனால் பார்த்துச் சொல்லுவதில் அவளை வெல்ல ஆளில்லை. முப்பது வருடம் விலாசம் படித்த கண் அல்லவோ!

"அம்மா, முன்னாலை என்ன தெரியுது?" என்று கேட்பான்.

"நேரை ஒரு மாடிவீடு, பச்சைக் கதவு. வலப்பக்கம் தண்ணித் தாங்கி. தாங்கிக்குப் பின்னாலை ஒருத்தன் குந்திக்கொண்டு இருக்கிறான், பாத்து வா."

"சோக்கு அம்மா!"

அவள் சூடுபட்டு விழுந்தால் அவன் பதறிக்கொண்டு ஓடிவருவான். "அசையாதேங்கோ அம்மா, நான் வாறன், நான் வாறன்." வந்து பக்கத்தில் குந்தியிருந்து மருந்து கட்டி எழுப்பிவிடுவான். சில நாளில் அவள் வேண்டுமென்றே போய்ச் சூடு வாங்கி விழுந்திருக்கிறாள். அந்த "நான் வாறன்" என்ற சொல்லைக் கேட்க. இதை அவள் சீவரத்தினத்துக்குக்கூடச் சொன்னதில்லை.

ஆகவே அவளுக்கு அது விளையாட்டே இல்லை. பிள்ளையோடு இருக்கிற இரண்டு மணித்தியாலம்.

ஆனால் உடம்பு அப்படி நினைக்கவில்லை. சுற்றிவர வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கினால் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் வறளும். விளையாடி முடிந்து எழும்பினால் கால் இரண்டும் நடுங்கும். இராச்சாப்பாடு இறங்காது, படுத்தாலும் கண்ணுக்குள் ஆட்கள் ஓடித் திரிவார்கள். வயசு போகுது என்று நினைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் சீனி ஏறிக்கொண்டே போனது. முதல் மாதம் டொக்டர் வசந்தினி குளிசையைக் கூட்டினா. இரண்டாம் மாதம் இன்னொரு குளிசை. மூன்றாம் மாதம் கண்ணைச் சோதித்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா.

"எனக்கு விளங்கேல்லை அம்மா. சோத்தைக் குறைச்சிட்டியள். இனிப்பு இல்லை. தினமும் ரண்டு மணித்தியாலம் விளையாடுறியள். இவ்வளவு விளையாடுற ஆளுக்குச் சீனி இறங்கியெல்லோ இருக்கோணும்! இப்பிடியே போனால் ஊசிதான். கண்ணும் பறிபோயிடும்."

ஞானாம்பிகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஒண்டு செய்வம்" என்று டொக்டர் மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்ன மெசினை எடுத்துக் கொடுத்தா. "விரலிலை குத்திச் சீனி பாக்கிறது. ரண்டு கிழமைக்கு, விளையாட முதல் ஒருக்கா, விளையாடி முடிய ஒருக்கா, பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ."

அன்று பின்னேரம் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, விரலில் குத்தினாள். நூற்றி ஐம்பத்தொன்று. மகனோடு தீவில் குதித்து, மூன்றுதரம் விழுந்து, மூன்றுதரம் எழும்பி, ஒருதரம் வென்று, ஏழு மணிக்குத் திரும்பக் குத்தினாள். இருநூற்றி நாற்பத்துமூன்று.

"உந்த மெசின் பிழை" என்றாள்.

"மெசின் பிழையெண்டால் என்ரை கையைக் குத்திப் பாரும்" என்று சீவரத்தினம் கையை நீட்டினார். அவருக்கு நூற்றிப் பத்து. பச்சைத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு.

அடுத்த நாள் நூற்றி நாற்பத்தெட்டிலிருந்து இருநூற்றி முப்பது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஜெயதீபன் மேலதிக வேலை என்று வரவில்லை. அன்றைக்கு அவள் சும்மா போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஐந்து மணிக்கு நூற்றி நாற்பத்தொன்பது. ஏழு மணிக்கு நூற்றி முப்பத்தெட்டு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் இருந்தாள். ஒரு கோடு கிழித்து முன்னுக்கு நிற்கிற இரண்டை ஒன்றாக்கிவிடலாம். இரண்டாம் குத்தை எழுதாமலே விடலாம். ஆரும் கேட்கப்போவதில்லை. ஆனால் முப்பது வருடம் முத்திரை குத்தின கைக்கு அது வரவில்லை. திகதியை மாற்றிக் குத்தாத மனுசி, சீனியை மாற்றி எழுதுவாளோ!

இரண்டு கிழமை முடியச் செவ்வாய்க்கிழமை தாளை டொக்டரிடம் நீட்டினாள். டொக்டர் பார்த்தா. திரும்பவும் பார்த்தா. "இது தலைகீழாயெல்லோ கிடக்கு அம்மா! விளையாடினால் ஏறுது, விளையாடாட்டி இறங்குது. நீங்கள் என்னதான் விளையாடுறியள்?"

ஞானாம்பிகை கதவைப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. தயாளினி மிஸ்ஸி மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதான் பிள்ளை."

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்து இருந்தா. அதுதான் ஞானாம்பிகைக்கு அந்த டொக்டர்ப் பிள்ளையில் ஒரு விருப்பம் வந்த நேரம்.

"அம்மா, உடம்புக்குக் கண் இல்லை. இது போன், இது விளையாட்டெண்டு அதுக்குத் தெரியாது. ஆபத்து எண்டு மூளை சொன்னால் அது நம்பும். உடனை அட்ரினலின் எண்டு ஒண்டு சுரக்கும். நெஞ்சு அடிக்கும், பிறசர் ஏறும். ஈரல் தான் சேத்து வைச்ச சீனியை அள்ளி இரத்தத்துக்குள்ளை கொட்டும். ஏன் தெரியுமோ? நீங்கள் எழும்பி ஓடுறதுக்கு. கால் ஓடினால் அந்தச் சீனி எரிஞ்சு போகும். ஆனால் நீங்கள் கதிரையிலையெல்லோ இருக்கிறியள்! ரண்டு பெருவிரலும்தான் ஓடுது. அப்ப அந்தச் சீனி எங்கை போறது?"

ஞானாம்பிகை தன் பெருவிரல்களைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நான் ஒருக்கா ஓடினனான் பிள்ளை. தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை. சண்டிலிப்பாயிலை இருந்து கைதடி மட்டும், மழையுக்கை. ஒரு தோளிலை மகன், மற்றத் தோளிலை பாக். அவனுக்கு அப்ப பதினொரு மாசம். அண்டைக்கும் நெஞ்சு இப்பிடித்தான் அடிச்சது."

டொக்டர் கொப்பியை மூடி ஒருபக்கம் வைத்தா.

"உங்கடை உடம்பு அதை மறக்கேல்லை" என்றா டொக்டர். "வேறை ஆக்களைவிட உங்களுக்குக் கூட ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம். இதை விடுங்கோ அம்மா. ஊசி போடாமல் சமாளிக்கலாம், கண்ணையும் காப்பாத்தலாம்."

"அதை விட்டால் அவன் என்னோடை கதைக்க மாட்டான்."

 வெட்கம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம். தயாளினி மிஸ்ஸி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சாப்பிட்டியோ, ஓம், வைக்கட்டே. அவ்வளவுதான் பிள்ளை அவனுக்கும் எனக்கும் கதை. ரொறன்ரோவிலை இராவேலை முடிஞ்சு வந்து உதிலைதான் அவன் சிரிக்கிறவன். கண் போனாலும் பறவாயில்லை, காது கேட்டால் காணும் எனக்கு."

டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டா.

"அவர் இராவேலை முடிச்சு வந்து விளையாடுறவர் என்ன? அப்ப எத்தினை மணிக்குப் படுக்கிறவர்?"

"ஒன்பதரை, பத்து. சில நாள் நித்திரை வரேல்லையெண்டு பதினொண்டு மட்டும் முழிச்சிருப்பான். ஒருக்கா வெண்டால் இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு நாங்கள் நிப்பம்."

"அந்த 'இன்னும் ஒண்டு' எண்டுறதும் உடம்பிலை சுரக்கிற ஒண்டுதான் அம்மா. டோபமின் எண்டு பேர். இரா முழுக்க வேலை செய்த உடம்பு. நித்திரைக்குப் போக வேண்டிய நேரத்திலை 'ஆபத்து, எழும்பு' எண்டு அதை உலுப்புறது. உங்களுக்கு ஏறுற மாதிரி அவருக்கும் ஏறும். அவரின்ரை பிறசரை ஆர் பாக்கிறது?"

ஞானாம்பிகைக்குச் சுள்ளென்று உறைத்தது. இரண்டு வருடமாய்த் தன் கையைப் பார்த்தாள், தன் நெஞ்சைப் பார்த்தாள், அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். அவனுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பெத்த தாய்! பஸ்ஸில் திரும்பி வரும்போது தன்னைத் தானே வாய்க்குள் பேசிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த மனுசி தன்னைத்தான் பேசுகிறாள் என்று நினைத்துத் தள்ளி இருந்துகொண்டது.

அன்று ஐந்து மணிக்கு அவள் தீவில் குதிக்கவில்லை. போனை எடுத்து அவனுக்கு அடித்தாள்.

"என்னம்மா, உள்ளுக்கு வரேல்லையோ? நான் காத்துக்கொண்டு நிக்கிறன்."

"தம்பி, நான் இனி விளையாடேலாது." எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்ஸி, பட்மின்ரன், கைதட்டு, மெசின், இருநூற்றி நாற்பத்துமூன்று, கண். சொல்லாமல் விட்டது வேண்டுமென்று சூடு வாங்கி விழுந்ததை மட்டும்தான்.

அந்தப்பக்கம் வழக்கமான பெருமூச்சுக்கூட இல்லை.

"கோவமோடா?"

"இல்லையம்மா." கனைத்துக்கொண்டான். "எனக்கும் டொக்டர் சொன்னவர். போன மார்கழியிலை. வேலையிலை தலை சுத்தி விழுந்தனான். பிறசர். இப்ப குளிசை போடுறன். வேலை முடிஞ்சு வந்து உதைத் தொடக்கூடாதெண்டவர்."

"மார்கழியோ! ஆறு மாசமாச்சே! பிறகு ஏனடா விசரா ஒவ்வொரு நாளும் வந்தனி?"

"நீங்கள்தானேயம்மா ஆசையாய் விளையாடினனீங்கள்" என்றான் அவன். "எனக்கு அந்தக் கேம் அலுத்து ஒரு வருசம் ஆகுது. கூட்டாளிமாரும் விட்டிட்டாங்கள். ஐஞ்சு மணிக்கு நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியள் எண்டுதான் வாறனான்."

ஞானாம்பிகைக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. இவளுக்காக அவன், அவனுக்காக இவள். இரண்டு பேரும் ஆளுக்காள் அன்பு வைத்து, ஆளையாள் வருத்தக்காரர் ஆக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் வாய் இருந்தும் இதைக் கேட்கவில்லையே! எரிச்சல் எரிச்சலாய் வந்தது, அவன்மேல் இல்லை, தன்மேல்.

பிறகு பழையபடி சத்தம் நின்றது. விளையாட்டும் இல்லை. இனி என்ன கதைக்கிறது? அவள் பயந்தது வந்துவிட்டது.

"அப்ப... வைக்கட்டே அம்மா?"

"வையாதை!" என்று போட்ட சத்தத்தில் முற்றத்தில் நின்ற சீவரத்தினம் திரும்பிப் பார்த்தார். "வையாதை தம்பி. நாளைக்கு வேலை முடிஞ்சு பஸ் ஏறாதை. நட. எவ்வளவு தூரம்?"

"நாற்பது நிமிசம் வரும்."

"நான் இஞ்சை நடக்கிறன். நீ அங்கை நட. போனைக் காதிலை கொழுவிக்கொள். சீனியும் இறங்கும், உன்ரை கோதாரியும் இறங்கும்."

அடுத்த நாள் ஐந்து மணிக்குச் சீவரத்தினத்தின் பழைய சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, சீலையைத் தூக்கிச் செருகி, கேற்றைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினாள். காதில் அவன் அடி கேட்டது. டக், டக், டக். அவனுக்கு இவளுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டிருக்கும். பத்து நிமிடம் ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்க நா எழும்பியது. கேட்டால் "ஓம்" என்பான், பிறகு "வைக்கட்டே" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்போது அவன் கேட்டான், பழக்கதோசத்தில் வந்ததோ என்னவோ:

"அம்மா, முன்னாலை என்ன தெரியுது?"

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 

"நேரை ஒழுங்கை முடக்கு. இடப்பக்கம் புகையிலைத் தோட்டம், வேலி இல்லை. வலப்பக்கம் இரத்தினம்மாக்காவின்ரை மதில். புதுசாய்க் கட்டி நீலப் பெயின்ற் அடிச்சிருக்கினம், பாக்கேலாது. மதிலுக்கு மேலை கமரா பூட்டியிருக்கு. அங்காலை ஆளில்லாத வீடு ஒண்டு."

"ஆபத்து ஏதும்?"

"ஒரு நாய். கறுவல். முடக்கிலை படுத்திருக்கு, என்னைத்தான் பாக்குது."

"மெல்லமாய்ப் போங்கோ. கண்ணைப் பாக்காதேங்கோ."

"எழும்பீட்டுது தம்பி!"

"ஓடுங்கோ அம்மா!"

ஐயோ கடவுளே, ஐம்பத்தொன்பது வயதில், புருசனின் சப்பாத்தோடு, ஞானாம்பிகை ஓடினாள். நாய் நாலு அடி வந்துவிட்டு அலுத்துப்போய் நின்றுவிட்டது. அவள் சந்தி மட்டும் ஓடினாள். மூச்சு வாங்க மதகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காதுக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சிரிப்பு. தீவும் இல்லை, துவக்கும் இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப நீ சொல்லு" என்றாள், மூச்சு அடங்கினபிறகு. "உன்ரை முன்னாலை என்ன தெரியுது?"

ஒன்பது வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. சாப்பாட்டைக் கேட்டாள், குளிரைக் கேட்டாள், இதைக் கேட்கவில்லை. அவனும் சொன்னதில்லை. 

"நேரை ஒரு பாலம் அம்மா. கீழை கார் ஓடுது. வலப்பக்கம் பெற்றோல் செற். இடப்பக்கம் பள்ளிக்கூடம் ஒண்டு, பிள்ளையள் வருதுகள்."

"அங்காலை?"

"அங்காலை எங்கடை றோட்டு. வரிசையாய் வீடுகள். மூண்டாவது வீடு, செங்கல்லு, வெள்ளைக் கதவு."

"அதுவோ உன்ரை வீடு?"

அடிச்சத்தம் நின்றது.

"அந்தக் கதவு இல்லையம்மா. பக்கத்தாலை போய்ப் படி இறங்கோணும். நிலத்துக்குக் கீழை ஒரு அறை. நாலு பேர் இருக்கிறம். யன்னல் இல்லை." பிறகு, கமரா பழுதில்லை என்பதை அவன் வேறு சொல்லாகச் சொன்னான்: "உங்களுக்குக் காட்ட விருப்பமில்லாமல் இருந்தது. இப்ப படியிலை நிக்கிறன். இறங்க மனம் வரேல்லை."

ஞானாம்பிகை மதகுக் கட்டை விட்டு நிமிர்ந்தாள். இவ்வளவு காலமும் சோறு, குளிர், ஓம் என்று சொன்னது ஒரு யன்னலில்லாத அறையிலிருந்து. இரண்டு வருடம் தீவில் ஒவ்வொரு வீட்டுக் கதவின் நிறத்தையும் அவனுக்குச் சொன்னவள், பிள்ளை இருக்கிற வீட்டின் கதவை இன்றைக்குத்தான் கேட்டாள்.

"அசையாதை ராசா" என்றாள். "அங்கையே நில். நான் வாறன்."

"அம்மா..."

"நான் வாறன், நான் வாறன்."

சொல்லிக்கொண்டே அவள் சந்தியைத் தாண்டி நடந்தாள், கெதியாக, எந்தப் பக்கம் போகிறோம் என்று பாராமல். காதுக்குள் அவன் முதல்தரமாய் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் வைக்கட்டே என்று கேட்கவில்லை.